ஒரு பாட்டைப் பிரதியெடுக்கும்போது நடப்பது என்ன?

பல்கலைக்கழக விடுதிகளில் பாட்டு கைமாறுவது புதிய பழக்கம் அன்று. ஒரு காலத்தில் கசெட் கைமாறியது. பிறகு இறுவட்டு வந்தது. அதன்பின் பென்டிரைவும் மெமரி கார்டும் வந்தன. இன்று வட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பாகவும் டெலிகிராம் சனலில் முழு அல்பமாகவும் பாட்டு வந்து சேர்கிறது. ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ பேராதனைக்குப் படிக்கப் போகும் ஒரு மாணவரிடம், அவருடைய தொலைபேசியில் இருக்கும் நூற்றுக்கணக்கான பாட்டுகளில் எவை முறையாக வந்தவை, எவை முறையின்றி வந்தவை என்று கேட்டால், பெரும்பாலும் அவருக்குப் பதில் தெரியாது. அதை அவருடைய குற்றமாக நான் கருதவில்லை. தமிழில் இதைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இந்தியச் சட்டத்தைப் பேசுகின்றன, ஆங்கிலத்தில் எழுதப்படுபவை அமெரிக்கச் சட்டத்தைப் பேசுகின்றன. இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது, மலையகத்தில் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு இதனால் என்ன நேர்கிறது என்பதை எளிய தமிழில் எடுத்துச் சொன்னவர்கள் குறைவு.

இணைய இசைத் திருட்டு எனப்படுவது, ஒரு பாட்டின் மீது உரிமை உடையவர்களின் அனுமதி இல்லாமல் அதன் ஒலிப்பதிவை இணையத்தின் வழியாகப் பிரதியெடுப்பதும், அப்படி எடுத்ததைப் பிறருக்குக் கிடைக்கச் செய்வதும் ஆகும். இதை விளங்கிக்கொள்ள, அந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கேட்பவருக்கு ஒரு பாட்டு ஒரே பொருள்தான். சட்டமோ அதனுள் பலருடைய உரிமைகளைத் தனித்தனியாகக் காண்கிறது. வரிகளை எழுதியவருக்கு வரிகளில் உரிமை உண்டு. மெட்டமைத்தவருக்கு மெட்டில் உரிமை உண்டு. பாடியவருக்கும் கருவி வாசித்தவர்களுக்கும் தாம் நிகழ்த்தியதில் உரிமை உண்டு. பணம் போட்டு ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு அந்த ஒலிப்பதிவில் உரிமை உண்டு. இலங்கையில் இவற்றை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி எழுதியவரின், மெட்டமைத்தவரின் உரிமை அவர்கள் வாழும் காலம் முழுவதும், மறைவுக்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. பாடியவரின் உரிமையும் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளரின் உரிமையும் 50 ஆண்டுகள் நீடிக்கின்றன.

பாரதியார் 1921இல் மறைந்தார். ஆகவே அவருடைய வரிகள் இன்று எல்லோருக்கும் உரியவை. தலவாக்கலையில் இருக்கும் ஓர் இளைஞர் அவ்வரிகளுக்குப் புது மெட்டமைத்துப் பாடி வெளியிட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவர் அப்படிப் பாடி வெளியிட்டதும் அந்த மெட்டும் அந்த ஒலிப்பதிவும் அவருடையவை ஆகின்றன. வரிகள் பொதுவானவை என்ற காரணத்தைச் சொல்லி இன்னொருவர் அந்தப் பதிவை எடுத்துத் தம் சனலில் ஏற்ற முடியாது. 2017இல் தம் பாடல்களை மேடையில் பாடுவது தொடர்பாக இளையராஜா தரப்பு எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவித்தல் அனுப்பியபோது, பாடியவரே தாம் பாடிய பாட்டைப் பாடக் கூடாதா என்று பலரும் திகைத்தார்கள். அந்தத் தகராற்றில் எவர் பக்கம் நியாயம் என்பது வேறு விடயம். மெட்டில் உள்ள உரிமையும் குரலில் உள்ள உரிமையும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்க முடியும் என்பதைத் தமிழ் உலகம் முழுவதும் ஒரே நாளில் அறிந்துகொண்டது அப்போதுதான்.

இந்தியாவில் வெளியான பாட்டுக்கு இலங்கையில் என்ன பாதுகாப்பு என்று ஒரு கேள்வி எழலாம். இலக்கிய, கலைப் படைப்புகளுக்கான பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959ஆம் ஆண்டிலேயே சேர்ந்துவிட்டது; இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. ஆகவே சென்னையில் கட்டப்பட்ட மெட்டு நுவரெலியாவிலும் பாதுகாக்கப்பட்டதே.

மாணவர்களும் பாட்டுக் கோப்புகளும்

இசைத் திருட்டின் இணைய வரலாறு பல்கலைக்கழக விடுதி அறையில் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது. இறுவட்டில் இருக்கும் ஒலி ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்த எம்பி3 முறை, மனிதக் காதுக்கு எளிதில் புலப்படாத ஒலிகளைக் கழித்துவிட்டு, அதே நிமிடத்தை ஒரு மெகாபைட் அளவுக்குச் சுருக்கியது. பாட்டு இவ்வாறு சிறுத்ததும் அதைத் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்புவது சாத்தியமாயிற்று. 1999இல் பொஸ்டன் நகரின் நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 18 வயது ஷோன் ஃபானிங், ஒருவருடைய கணினியில் இருக்கும் பாட்டை இன்னொருவர் தேடி எடுத்துக்கொள்ள உதவும் நப்ஸ்டர் என்ற மென்பொருளை வெளியிட்டார். வீடுகளில் இணையம் மெதுவாக ஊர்ந்த அக்காலத்தில் வேகமான இணைப்பு பல்கலைக்கழக வளாகங்களில் இருந்தது. கேட்கும் ஆர்வமும் கையில் காசில்லாத நிலையும் அங்கேயே இருந்தன. ஒலிப்பதிவு நிறுவனங்கள் தொடுத்த வழக்கின் விளைவாக 2001 ஜூலையில் நப்ஸ்டர் நின்றுபோனது. ஆனால் ஒரு கோப்பைத் துண்டு துண்டாகப் பலருடைய கணினிகளிலிருந்து பெற்றுக்கொள்ளும் டொரண்ட் முறை அதே ஆண்டில் வந்துவிட்டது.

அதன்பின் அமெரிக்க நிறுவனங்கள் மாணவர்கள்மீதே வழக்குத் தொடுக்கத் தொடங்கின. பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்த ஜோயல் டெனன்போம் என்பவர் 30 பாட்டுகளைத் தரவிறக்கிப் பகிர்ந்தமைக்காக 675,000 டொலர் செலுத்த வேண்டும் என்று 2009இல் தீர்ப்பளிக்கப்பட்டது. அந்தத் தொகைக்கும் அவர் செய்த செயலுக்கும் பொருத்தம் இல்லை என்பதே என் கருத்து. அத்தகைய வழக்குகளால் திருட்டு நிற்கவும் இல்லை. 2003இல் அப்பிள் நிறுவனம் ஒரு பாட்டை 99 சதத்துக்கு விற்கத் தொடங்கியதும், 2008இல் ஸ்பொட்டிஃபை சேவை தொடங்கப்பட்டதும்தான் பலரை முறையான வழிக்குக் கொண்டுவந்தன. முறையான வழி எளிதாக இருந்தால் மாணவர் அதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம்மிடையே இன்று வழங்கும் முறைகள் பெரும்பாலும் நான்கு. யூடியூபில் உள்ள காணொளியின் இணைப்பை ஓர் இணையத்தளத்தில் ஒட்டி எம்பி3 கோப்பாக மாற்றி எடுப்பது முதலாவது. இதுவே மிகப் பரவலானது. தமிழ்ப் பாட்டுகளை அல்பம் அல்பமாக அடுக்கி வைத்திருக்கும் தளங்களிலிருந்து இறக்குவது இன்னொன்று. டெலிகிராம், வட்ஸ்அப் குழுக்கள் மூன்றாவது. கட்டணச் சேவைகளின் செயலியைத் திருத்தி, காசு கட்டாமலே எல்லா வசதியும் கிடைக்கும்படி செய்த போலிச் செயலிகள் நான்காவது. இந்த நான்காவது வகையைப் பற்றி நான் கடுமையாகவே எச்சரிக்க விரும்புகிறேன். அவற்றை நிறுவ வேண்டுமானால், அறியாத மூலங்களிலிருந்து வரும் செயலிகளை ஏற்கும்படி தொலைபேசியின் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டும். வங்கிச் செயலியும் பல்கலைக்கழக மின்னஞ்சலும் இருக்கும் அதே தொலைபேசிக்குள், யார் திருத்தினார்கள் என்றே தெரியாத ஒரு மென்பொருளை அனுமதிப்பதற்கு அது சமம்.

எம்பி3 ஆக மாற்றும் தளங்கள் 320 கிலோபிட் தரம், அதாவது ஒரு விநாடி ஒலிக்கு 320 கிலோபிட் தரவு, என்று விளம்பரம் செய்வதையும் நம்ப வேண்டியதில்லை. யூடியூப் தன் ஒலியை ஏற்கெனவே அதைவிடக் குறைந்த அளவில் சுருக்கித்தான் அனுப்புகிறது. சுருக்கும்போது கழிந்துபோன ஒலி மறுபடி சுருக்கும்போது திரும்பி வருவதில்லை. கோப்பின் அளவு மட்டும் பெருகி, தொலைபேசியில் வீணே இடம் பிடிக்கிறது.

எது கூடும், எது கூடாது

இலங்கைச் சட்டம் கேட்பவரை அடியோடு மறந்துவிடவில்லை. வெளியிடப்பட்ட ஒரு படைப்பை, முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து, தம் சொந்தத் தேவைக்கு மட்டும் ஒரேயொரு பிரதி எடுத்துக்கொள்வதற்குச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இறுவட்டிலிருந்து ஒரு பாட்டை உங்கள் தொலைபேசியில் ஏற்றிக் கேட்பது இதற்குள் அடங்கும். ஆனால் அந்தப் பிரதியை அறைத்தோழருக்குக் கொடுத்தால் அது சொந்தத் தேவைக்கான பிரதி அன்று. எந்தத் தளத்திலிருந்தோ இறக்கிய கோப்பிலிருந்து எடுக்கும் பிரதியும் இதற்குள் வராது, ஏனெனில் மூலமே முறையான பிரதி அன்று. 11ஆம் பிரிவு கூறும் நியாயமான பயன்பாடு கற்பித்தல், ஆய்வு, விமர்சனம் போன்றவற்றுக்கு உரியது. ஒரு பாட்டை ஆராயும் மாணவர் அதன் சிறு பகுதியை வகுப்பில் ஒலிக்கச் செய்வது ஒன்று, முழு அல்பத்தையும் கேட்டு மகிழ்வதற்காகப் பிரதியெடுப்பது வேறொன்று.

யூடியூபில் பாட்டைக் கேட்பதில் தவறில்லை. அந்தச் செயலியே தரும் வசதியைப் பயன்படுத்திச் சேமித்து வைப்பதிலும் தவறில்லை. வெளியிலுள்ள ஒரு தளத்தைக் கொண்டு கோப்பாகப் பிரித்தெடுப்பதை யூடியூபின் பயன்பாட்டு விதிகள் தடை செய்கின்றன.

உரிமையை வேண்டுமென்றே மீறியவருக்கு நீதவான் நீதிமன்றத்தில் ஆறு மாதம் வரையான சிறைத்தண்டனையோ 500,000 ரூபாய் வரையான தண்டப்பணமோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்று 178ஆம் பிரிவு கூறுகிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்துகொண்டே விற்பனைக்கு வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும். நகரத்துக் கடைகளில் பென்டிரைவுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்குவது இந்த வகையைச் சேர்ந்தது. மாணவர்களை அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு குழுவின் நிர்வாகியாக இருந்து நாள்தோறும் அல்பங்களை ஏற்றிக்கொண்டிருப்பவர், தாம் செய்வது நட்புக்காகச் செய்யும் உதவி மட்டுமே என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, மாணவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில்தான் இலங்கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடியில், சுமார் 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர் 360 ரூபாயைத் தாண்டியது. வெளிநாட்டுச் சேவை எதுவாயினும் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது எட்டாத பொருளாயிற்று. கட்டணம் செலுத்த வங்கி அட்டை வேண்டும். பெற்றோரின் நாட்சம்பளத்தில் படிக்கும் மாணவர் பலரிடம் இணையத்தில் செல்லுபடியாகும் அட்டை இருப்பதில்லை. விடுமுறைக்கு வீடு திரும்பினால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சிக்னல் ஒரு மூலையில் கிடைக்கும், இன்னொரு மூலையில் கிடைக்காது. இலவசமாகக் கேட்பவருக்கு ஸ்பொட்டிஃபை பாட்டைச் சேமித்து வைக்கும் வசதியைத் தருவதில்லை. கட்டணம் செலுத்துபவர்கூட 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்துக்கு வந்தால்தான் சேமித்தவை நிலைக்கும். 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணிநேரம் பாட்டுக் கேட்டால் ஏறத்தாழ 72 மெகாபைட் டேட்டா செலவாகும். அதையே காணொளியாகப் பார்த்தால் அதன் பல மடங்கு போய்விடும். ஒரு முறை இறக்கிய கோப்போ எத்தனை முறை கேட்டாலும் டேட்டாவைத் தின்பதில்லை. விரிவுரைகளையும் பாடக்குறிப்புகளையும் அதே டேட்டா பெக்கேஜில் பார்க்க வேண்டிய ஒருவர் கோப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை மதிக்காமல் ஒழுக்கம் போதிப்பதில் பயனில்லை.

ஆயினும் அந்தக் கணக்கில் சேராமல் போகும் ஒருவர் இருக்கிறார்: பாட்டைக் கட்டியவர்.

பெரிய படநிறுவனங்களுக்கு நம் விடுதி ஒன்றில் நடக்கும் பிரதியெடுப்பால் பெரிய இழப்பு இல்லை என்ற வாதத்தை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அளவைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அதே பழக்கம் நம் ஊர்க் கலைஞரிடம் வரும்போது கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. மலையகத்தில் இன்று சொந்தமாக வரி எழுதி, நண்பர்களின் உதவியோடு மெட்டமைத்து, சிறிய ஸ்டூடியோவில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துப் பதிவு செய்து, யூடியூபில் வெளியிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். விளம்பர வருமானத்தில் பங்கு பெறுவதற்கு யூடியூப் வைத்திருக்கும் வழிகளில் ஒன்று, சனலுக்கு 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் சேர வேண்டும் என்பதாகும். 4,000 மணிநேரம் என்றால் 240,000 நிமிடங்கள். நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை ஒருவர் முழுவதும் கேட்பதை ஒரு முறை எனக் கொண்டால், 60,000 முறை கேட்கப்பட வேண்டும். ஸ்பொட்டிஃபையோ 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்ட பாட்டுக்கு மட்டுமே பங்கைக் கணக்கிடுகிறது. இப்போது அந்தப் பாட்டை ஒருவர் எம்பி3 ஆக மாற்றித் தோட்டத்து வட்ஸ்அப் குழுவொன்றில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்பினால்தான் போடுகிறார்; நம்ம ஊர்ப் பையன் பாடியது, எல்லோரும் கேட்க வேண்டும் என்ற பெருமையோடு போடுகிறார். அது பத்துக் குழுக்களுக்குப் போகிறது. ஆட்டோவிலும் கலியாண வீட்டிலும் திருவிழாவிலும் ஒலிக்கிறது. அந்தக் கேட்டல்களில் ஒன்றுகூட எந்த எண்ணிக்கையிலும் ஏறுவதில்லை. ஊர் முழுவதும் கேட்ட பாட்டுக்குச் சொந்தக்காரர், பார்வை போதாமல் வருமானத்தின் வாசலைக்கூடத் தொடாமல் நிற்கிறார்.

காசைவிடவும் முதலில் தொலைவது பெயர். எம்பி3 கோப்பின் உள்ளே பாடியவர், அல்பம், ஆண்டு முதலிய விவரங்களை எழுதி வைக்க இடம் உண்டு. பல பாட்டுத் தளங்கள் அந்த இடத்தில் பாடகரின் பெயரை அழித்துவிட்டோ அதற்குப் பின்னால் ஒட்டியோ தம் தளத்தின் பெயரை எழுதிவிடுகின்றன. யூடியூபிலிருந்து மாற்றி எடுத்த கோப்பில் பெரும்பாலும் எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்களே இருப்பதில்லை. படைப்பில் தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்பது நம் சட்டத்தின் 10ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தரும் தார்மீக உரிமை. பொருளாதார உரிமையை இன்னொருவருக்கு விற்றுவிட்ட பிறகும் அது அவரிடமே இருக்கிறது. தோட்டங்களில் பாட்டுக் கட்டியவர்களின் பெயர்கள் பதியப்படாமலே போன ஒரு சமூகத்தில் இதை நான் சிறிய விடயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலையில் பிறந்த நையாண்டிப் பாட்டுகளும் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. அவற்றை முதலில் பாடியவள் யார் என்பதற்குப் பெரும்பாலும் விடை இல்லை.

இந்த நாட்டார் பாட்டுகளைப் பற்றிப் பல்கலைக்கழக மாணவர்கள் தனியாகவே அறிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஆய்வுக்காக அவற்றைச் சேகரிப்பவர்களும் அவர்களே. எழுதியவர் யார் என்று தெரியாததால் இவை எவருக்கும் உரியவை அல்ல, யாரும் எப்படியும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வணிக நோக்கத்துக்காகவோ அவற்றின் மரபான சூழலுக்கு வெளியிலோ நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பிரதியெடுப்பதற்கும் பகிரங்கப்படுத்துவதற்கும் 24ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. நேரடிக் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் விலக்குத் தருகிறது. மலையகத்துக் காமன்கூத்தில் ஒலிக்கும் தப்பு என்னும் பறையை ஒருவர் தம் ஆய்வுக்காகப் பதிவு செய்வது ஆய்வு. அதே பதிவை இன்னொருவர் இறக்கி, அதன்மேல் தாளம் சேர்த்துத் தம் பெயரில் விற்பனைக்கு விடுவது ஆய்வு அன்று. பாட்டு மரபுக்குரியதாக இருந்தாலும், பாடிய பாட்டிக்கும் தப்பு அடித்தவருக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் 17ஆம் பிரிவின் கீழ் உரிமை உண்டு. அவருடைய இசைவு இல்லாமல் பதிவு செய்வதும், அந்தப் பதிவைப் பெருக்குவதும் அவருடைய உரிமையைத் தொடுகின்றன.

முறையான வழிகள் இல்லாமல் இல்லை. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பது முறையான வழியே. அந்த விளம்பரத்தின் வருமானத்திலிருந்து பங்கு போகிறது. தரத்தைக் குறைத்து 96 கிலோபிட்டில் கேட்டால் ஒரு மணிநேரத்துக்குச் சுமார் 43 மெகாபைட் போதும். கூட்டத்துக்கு நடுவே பேருந்தில் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. விடுதியிலோ நூலகத்திலோ வைஃபை கிடைக்கும்போது செயலியின் சொந்த வசதியால் சேமித்துக்கொள்ளலாம். பிறர் பயன்படுத்தலாம் என்று படைப்பாளியே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தோடு வெளியாகும் இசையை, அந்த உரிமம் சொல்லும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிரதியெடுக்கவும் பகிரவும் முடியும். குறும்படம் எடுக்கும் மாணவர்கள் பின்னணி இசைக்கு அங்கே தேடுவது நல்லது. நம் ஊர்க் கலைஞரின் பாட்டாக இருந்தால், கோப்பை அனுப்பாமல் இணைப்பை அனுப்பினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். இணைப்பில் அவருடைய பெயரும் இருக்கிறது, கேட்பவரின் எண்ணிக்கையும் ஏறுகிறது. டேட்டா இல்லாதவர்களுக்குக் கோப்புத்தான் வேண்டும் என்றால், பாடியவரிடமே கேட்டுவிடலாம். பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவரைக் கேட்பது கடினமான செயல் அன்று, பலர் மகிழ்ச்சியோடு தாமே பெயர் விவரங்கள் நிரப்பிய கோப்பைத் தருவார்கள்.

பாட்டுக் கட்டும் மாணவர்களுக்கு இறுதியாக ஒரு விவரம். இலங்கையில் பதிப்புரிமையை எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படைப்பு உருவான கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வர்த்தகக் குறிகளையும் ஆக்கவுரிமைகளையும் பதிவு செய்கிறது, பாட்டை அன்று. ஆகவே சான்றைக் காப்பது உங்கள் பொறுப்பு. வரிகளின் முதற்படியையும், மெட்டைத் தொலைபேசியில் முணுமுணுத்துப் பதிந்த கோப்பையும், ஸ்டூடியோவில் பெற்ற மூலப் பதிவையும் திகதியோடு ஒரு மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கூட்டாகச் செய்த பாட்டாயின் வரி யாருடையது, மெட்டு யாருடையது, வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை ஒரு தாளில் எழுதி அனைவரும் கையொப்பமிடுங்கள். பதிவேற்றுவதற்கு முன் கோப்பின் உள்விவரங்களில் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். தப்பு வாசித்தவருடைய பெயரையும் சேர்த்து.